துறை சர்வரில் பைத்தான் பேக்கேஜ் போடுவது எப்படி: புதிதாக அக்கவுன்ட் வாங்குபவர்களுக்கு

புதுச்சேரி, கடலூர் பக்கம் எம்.எஸ்சி., எம்.டெக்., பிஎச்.டி. என்று சேர்ந்து, துறையின் சர்வரில் முதல்முறையாக அக்கவுன்ட் வாங்கப் போகிறீர்களா, அல்லது வாங்கிவிட்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கிறீர்களா, இது உங்களுக்காகத்தான். சொந்த லேப்டாப்பில் நம் இஷ்டத்துக்கு எதை வேண்டுமானாலும் நிறுவலாம், கெட்டுப்போனால் நமக்கு மட்டும்தான் நஷ்டம். பொது சர்வர் அப்படி இல்லை. நீங்கள் போடுகிற ஒரு பேக்கேஜ் பக்கத்து லேபில் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை நிறுத்திவிடக்கூடும், அவர்கள் போட்டது உங்களுடையதைக் கெடுக்கக்கூடும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. சீனியர்கள் சொல்வதும் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். நிறைய முட்டி மோதித்தான் இந்த வரிசை எனக்குப் பிடிபட்டது, உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

கட்டளைகளை உச்சரிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். லினக்ஸில் ஃபோல்டர் மாறுவது, கோப்பைத் திறப்பது அளவுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

1. அக்கவுன்ட் கேட்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

பெரும்பாலான இடங்களில் ஒரு விண்ணப்பப் படிவம் இருக்கும். அதில் உங்கள் கையெழுத்து, கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து என்று மூன்று தேவைப்படும். கூடவே ஐடி கார்டு ஜெராக்ஸ், ஆய்வுத் தலைப்பு, எவ்வளவு டிஸ்க் இடம் வேண்டும், ஜிபியு (கனமான கணக்குகளை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு) வேண்டுமா, எந்தத் தேதி வரை அக்கவுன்ட் வேண்டும் என்கிற விவரங்கள். இதில் டிஸ்க் இடம் என்ற கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள் அல்லது 10 ஜிபி என்று எழுதிவிடுகிறார்கள். டீப் லேர்னிங் வேலை என்றால் அதற்கான பைடார்ச் என்ற லைப்ரரி ஒன்றே ஜிபியு லைப்ரரிகளோடு சேர்த்து 5 ஜிபியை எட்டிவிடும். அதனால் உங்கள் டேட்டாவின் அளவு தனி, என்விரான்மென்ட்டுக்கு (ஒரு வேலைக்கு வேண்டிய பைத்தானும் பேக்கேஜ்களும் மட்டும் இருக்கும் தனி ஃபோல்டர்) 30 ஜிபி தனி என்று பிரித்துக் காரணத்தோடு எழுதுங்கள். காரணம் எழுதியிருந்தால் அட்மினும் யோசிக்காமல் ஒதுக்குவார்.

எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து சர்வருக்குள் போகும் வழி) சாவி கேட்டால், உங்கள் லேப்டாப்பிலேயே 'எஸ்எஸ்எச்-கீஜென்' ஓட்டினால் இரண்டு கோப்பு வரும். பெயரின் கடைசியில் 'டாட் பப்' என்று இருப்பதை மட்டும் அனுப்புங்கள். மற்றது உங்கள் வீட்டுச் சாவி. அதை வாட்ஸ்அப்பில் யாருக்கும், அட்மினுக்கே கூட, அனுப்பக் கூடாது. தப்பித்தவறி அனுப்பிவிட்டால் அந்த ஜோடியை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கிக் கொடுங்கள்.

செலவு என்று பார்த்தால், மாணவர்களுக்கு சர்வர் நேரம் பல துறைகளில் இலவசம், சில இடங்களில் ஜிபியு மணிக்கணக்குக்கு கைடின் புராஜெக்ட் பணத்திலிருந்து கழிப்பார்கள். இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள், கைடுக்குத் தெரியாமல் பில் போனால் சங்கடம்.

நேரம்: கையெழுத்துகள், அட்மின் உருவாக்குவது எல்லாம் சேர்த்து ஒரு வாரமாவது வைத்துக்கொள்ளுங்கள், செமஸ்டர் தொடக்கத்தில் இன்னும் இழுக்கும். கடலூரிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரியில் அரசு விடுமுறை, தமிழ்நாட்டில் சாதாரண நாள். கடலூரில் பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் மாறி, காலாப்பட்டு வரை வந்த பிறகு பூட்டிய கதவைப் பார்க்க வேண்டாம், ஒரு போன் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: வீட்டிலிருந்து சர்வரை எட்ட முடியுமா, அதற்கு விபிஎன் (வெளியிலிருந்து கேம்பஸ் நெட்டுக்குள் நுழையும் இணைப்பு) வேண்டுமா, அல்லது கேம்பஸ் வைஃபையில் இருந்தால்தான் வருமா? விபிஎன்னுக்குப் பல இடங்களில் தனிப் படிவம், தனிக் கையெழுத்து. இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடுவது நல்லது.

2. உள்ளே போனதும் எதையும் நிறுவாமல் இதைப் பாருங்கள்

முதலில் உங்கள் கோட்டா, அதாவது உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்க் வரம்பு. 'கோட்டா -எஸ்' என்று தட்டினால் பல சர்வர்களில் தெரியும், தெரியாவிட்டால் அட்மினைக் கேளுங்கள். கோட்டா இரண்டு வகை: ஒன்று ஜிபி கணக்கு, இன்னொன்று கோப்புகளின் எண்ணிக்கைக் கணக்கு. இரண்டாவதைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். கான்டா என்ற கருவி உருவாக்கும் ஒரு என்விரான்மென்ட்டில் பல்லாயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் இருக்கும். ஜிபி பாதிகூட நிறையாமல் 'டிஸ்க் கோட்டா எக்சீடட்' என்று வந்தால் எண்ணிக்கைதான் முட்டியிருக்கிறது என்று பொருள். 'டியு --ஐநோட்ஸ் -எஸ்' என்ற கட்டளை எந்த ஃபோல்டரில் எத்தனை கோப்பு என்று காட்டும்.

அடுத்து, ஹோம் (லாகின் செய்ததும் நீங்கள் நிற்கும் உங்கள் சொந்த ஃபோல்டர்) தவிர வேறு இடம் உண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் 'ஸ்கிராட்ச்' அல்லது 'டேட்டா' என்று பெரிய டிஸ்க் ஒன்று இருக்கும். அங்கே இடம் தாராளம், ஆனால் ஸ்கிராட்ச்சில் இத்தனை நாள் தொடாத கோப்புகள் தானாக அழியும் என்று விதி இருக்கலாம், பேக்கப் இருக்காது. அந்த நாள் கணக்கைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இயங்குதளம் எது என்று பாருங்கள். 'கேட் /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ்' தட்டினால் தெரியும். 'எல்டிடி --வெர்ஷன்' தட்டினால் ஜிலிப்சி என்ற, லினக்ஸின் அடிப்படை லைப்ரரியின் பதிப்பு வரும். இது ஏன் முக்கியம் என்றால், நம் பக்கத்துப் பழைய சர்வர்களில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-லேயே முடிந்துவிட்டது. அதில் ஜிலிப்சி 2.17. பைடார்ச் 2.6 முதல் பிப் (பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வழியாகக் கிடைக்கும் பதிப்புகளுக்கு 2.28 வேண்டும். அப்படிப்பட்ட சர்வரில் 'பொருத்தமான பதிப்பு கிடைக்கவில்லை' என்று பிப் சொன்னால் உங்கள் கட்டளையில் பிழை தேடாதீர்கள், பழைய பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவுங்கள். இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக 'மாட்யூல் அவெய்ல்'. அட்மின் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் கம்பைலர், கூடா (என்விடியா ஜிபியுவில் கணக்கு ஓட்டுவதற்கான மென்பொருள்), பைத்தான் எல்லாம் பட்டியலாக வரும். உங்களுக்குத் தேவையானது அங்கேயே இருந்தால் 'மாட்யூல் லோட்' என்று பெயரைச் சேர்த்துத் தட்டினால் போதும், நிறுவவே வேண்டாம்.

3. சூடோ கேட்காதீர்கள், சிஸ்டம் பைத்தானைத் தொடாதீர்கள்

சூடோ என்றால் அட்மின் அதிகாரத்தோடு கட்டளை ஓட்டுவது. இணையத்தில் கிடைக்கும் பாதிக் குறிப்புகள் 'சூடோ ஏபிடி இன்ஸ்டால்' என்று தொடங்கும். அவை சொந்த கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு எழுதியவை. உங்களுக்கு சூடோ கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. சிஸ்டத்தோடு வரும் பைத்தானைத்தான் சர்வரின் பல கருவிகள் பயன்படுத்துகின்றன, அதில் ஒரு லைப்ரரியின் பதிப்பு மாறினால் எங்கே என்ன உடையும் என்று சொல்ல முடியாது.

புதிய உபுண்டு, டெபியனில் (டெபியன் 12, உபுண்டு 24.04 போன்றவை) வெறுமனே 'பிப் இன்ஸ்டால்' தட்டினால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று எரர் வரும். அந்த எரரின் கீழேயே '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று ஒரு வழியும் காட்டியிருக்கும். பெயரிலேயே உடைப்பேன் என்று சொல்கிறது, அதை எடுக்காதீர்கள். அந்த எரர் உங்களை என்விரான்மென்ட் உருவாக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

'--யூசர்' போட்டு நிறுவினால் யாருக்கும் தொந்தரவு இல்லையே என்று நினைக்கலாம். மற்றவர்களுக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. அப்படி நிறுவியவை ஹோமில் 'டாட் லோக்கல்' என்ற மறைந்த ஃபோல்டரில் போய் உட்காரும். நீங்கள் பின்னால் கான்டாவில் அதே பைத்தான் பதிப்பில் என்விரான்மென்ட் உருவாக்கினால், அதற்குள்ளும் இந்தப் பழைய பேக்கேஜ்கள் எட்டிப் பார்க்கும், அதுவும் புதியவற்றுக்கு முன்னால். என்விரான்மென்ட்டுக்குள் நம்பை என்ற பேக்கேஜைப் புதிதாகப் போட்டிருப்பீர்கள், ஓடும்போது பழையது ஓடும். இதற்கு 'பைத்தான் நோ யூசர் சைட்' என்ற மாறியை 1 என்று வைக்கலாம் (எல்லாம் பெரிய எழுத்து, இடைவெளி இல்லாமல் சேர்த்து). அதைவிட நல்லது '--யூசர்' பழக்கத்தையே விட்டுவிடுவது. ஏற்கெனவே நிறைய சேர்ந்திருந்தால் 'டாட் லோக்கல்' உள்ளே இருக்கும் லிப் ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துப் பாருங்கள், ஒரு வாரம் எதுவும் உடையவில்லை என்றால் அழித்துவிடலாம்.

4. வென்வா, கான்டாவா?

இரண்டும் என்விரான்மென்ட் உருவாக்கும் கருவிகள், வென்வ் பைத்தானோடு வருவது, கான்டா தனியாக நிறுவுவது. எது நல்லது என்று சண்டையே போடுவார்கள். என் கருத்து இது: உங்களுக்கு வேண்டியது பைத்தான் லைப்ரரிகள் மட்டும், சர்வரில் இருக்கும் பைத்தான் பதிப்பும் சரி என்றால் வென்வ் போதும். சின்னது, சீக்கிரம் உருவாகும், சீக்கிரம் அழியும். பைத்தான் பதிப்பே வேறு வேண்டும், அல்லது ஆர், ஜிடால், ஹெச்டிஎஃப்5, உயிரித் தகவலியல் கருவிகள் போல பைத்தான் அல்லாதவையும் வேண்டும் என்றால் கான்டா. கடல், கடற்கரை மேப் வேலை செய்கிறவர்களுக்கு ஜிடாலை பிப்பில் போட முயல்வது பெரிய தலைவலி, நேராகக் கான்டாவுக்குப் போய்விடுங்கள்.

கான்டா என்றதும் அது அடங்கிய அனகோண்டா என்ற பெரிய தொகுப்பை முழுதாக டவுன்லோடு செய்யாதீர்கள். அது உங்களுக்கு வேண்டாத நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களோடு வந்து கோட்டாவைச் சாப்பிடும். தவிர, அதில் காசு விஷயமும் இருக்கிறது: 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அனகோண்டாவின் சொந்த சேனலை (பேக்கேஜ்களை இறக்கும் கிடங்கு) பயன்படுத்தக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது அவர்களுடைய விதி. கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு சொல்கிறார்கள், ஆனால் ஆய்வுக் கூட்டாளி ஒரு கம்பெனியாக இருந்தால் எது எதில் அடங்கும் என்று நீங்கள் வழக்கறிஞர் வேலை பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் கான்டாவின் சின்னத் தொகுப்பான மினிஃபோர்ஜ் நிறுவுங்கள். அது இலவசமான கான்டா-ஃபோர்ஜ் சேனலில் இருந்துதான் எடுக்கும், மாம்பா என்ற வேகமான கருவியும் கூடவே வரும், சூடோ தேவையில்லை.

நிறுவும்போது எந்த இடம் என்று கேட்கும். எண்டர் தட்டினால் ஹோமில் போய்விடும். பெரிய டிஸ்க்கின் முழுப் பாதையைக் கொடுங்கள். கடைசியில் 'கான்டா இனிட்' ஓட்டட்டுமா என்று கேட்டால் சரி சொல்லலாம், ஆனால் உடனே 'கான்டா கான்ஃபிக் --செட் ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் ஃபால்ஸ்' தட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு லாகினிலும் பேஸ் என்ற கான்டாவின் அடிப்படை என்விரான்மென்ட் தானாக உயிர்பெற்று, நீங்கள் லோட் செய்யும் மாட்யூல்களோடு மோதும். பேஸில் எதையும் நிறுவாதீர்கள். அது கெட்டால் கான்டாவே கெட்டது.

வென்வ் உருவாக்கும்போது 'என்ஷூர்பிப் இல்லை' என்று எரர் வந்தால் உபுண்டு சர்வரில் 'பைத்தான்3-வென்வ்' என்ற சிஸ்டம் பேக்கேஜ் இல்லை. அட்மினுக்கு ஒரு வரி மெயில் போட்டால் ஒரு நிமிட வேலை. அவர் ஊரில் இல்லையென்றால் மினிஃபோர்ஜ்.

5. நிறுவுவதற்கு முன்பே கேஷை இடம் மாற்றுங்கள்

இதைப் பின்னால் செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர்களுக்குத்தான் கோட்டா நிறைகிறது. பிப் டவுன்லோடு செய்யும் ஒவ்வொன்றையும் ஹோமில் 'டாட் கேஷ்' ஃபோல்டரில் ஒரு பிரதி வைக்கும். கான்டா 'பிகேஜிஎஸ்' என்ற ஃபோல்டரில் வைக்கும். ஹக்கிங்ஃபேஸ் தளத்திலிருந்து இறக்கும் ஏஐ மாடல்களும் 'டாட் கேஷ்'தான். விஎஸ் கோடு எடிட்டரில் இருந்து சர்வரோடு இணைத்தால் அதற்கும் ஹோமில் ஒரு பெரிய மறைந்த ஃபோல்டர். எல்லாம் மறைந்த ஃபோல்டர்கள் என்பதால் சாதாரணமாக 'எல்எஸ்' தட்டினால் கண்ணில் படாது.

பெரிய டிஸ்க்கில் 'கேஷ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, ஹோமில் இருக்கும் 'டாட் பேஷ்ஆர்சி' கோப்பில் பிப் கேஷ் டிர், ஹெச்எஃப் ஹோம், டிஎம்பிடிர் ஆகிய மாறிகளை அங்கே திருப்பிவிடுங்கள் (பெரிய எழுத்து, சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு, டிஎம்பிடிர் மட்டும் சேர்த்து). கான்டாவுக்கு 'டாட் கான்டாஆர்சி' கோப்பில் என்வ்ஸ்_டிர்ஸ், பிகேஜிஎஸ்_டிர்ஸ் இரண்டையும் கொடுங்கள். இந்த இரண்டும் ஒரே டிஸ்க்கில் இருக்கட்டும். அப்படி இருந்தால் கான்டா கோப்புகளை நகல் எடுக்காமல் ஹார்டு லிங்க் போட்டுக்கொள்ளும், இடம் மிச்சம். வேறு வேறு டிஸ்க் என்றால் ஒவ்வொரு என்விரான்மென்ட்டுக்கும் முழு நகல்.

டிஎம்பிடிர் எதற்கு? உங்கள் கோட்டாவில் இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வரும் சில நேரம். பிப் வேலை செய்யும்போது எல்லோருக்கும் பொதுவான டிஎம்பி ஃபோல்டரைப் பயன்படுத்துகிறது, அதை வேறு யாரோ நிரப்பி வைத்திருப்பார்கள். இந்த மாறியை மாற்றினால் அந்தப் பிரச்சினை வராது.

மாதம் ஒருமுறை 'பிப் கேஷ் பர்ஜ்', 'கான்டா கிளீன் --ஆல்' தட்டிக் கேஷைக் காலி செய்யுங்கள்.

6. உருவாக்குவது, நிறுவுவது

ஒரு புராஜெக்ட்டுக்கு ஒரு என்விரான்மென்ட். எல்லாவற்றையும் ஒன்றில் போட்டால் முதல் இரண்டு மாதம் வசதியாக இருக்கும், பிறகு ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று நிற்கும், எது எதற்கு வேண்டும் என்றே தெரியாது. பெயரில் புராஜெக்ட்டும் பைத்தான் பதிப்பும் இருக்கட்டும், 'டெஸ்ட்', 'நியூ', 'ஃபைனல்' என்றெல்லாம் வைக்காதீர்கள்.

வென்வ் என்றால் 'பைத்தான்3 -எம் வென்வ்' என்று தட்டி பாதையைக் கொடுங்கள், பிறகு அந்தப் பாதைக்குள் பின் ஃபோல்டரில் உள்ள 'ஆக்டிவேட்' கோப்பை 'சோர்ஸ்' செய்யுங்கள். கான்டா என்றால் 'கான்டா கிரியேட் -என் பெயர் பைத்தான்=3.11', அப்புறம் 'கான்டா ஆக்டிவேட் பெயர்'. உள்ளே வந்துவிட்டோமா என்று 'விச் பைத்தான்' தட்டிப் பாருங்கள். பதில் உங்கள் ஃபோல்டரைக் காட்ட வேண்டும், 'யுஎஸ்ஆர்' என்று தொடங்கினால் நீங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறீர்கள். நிறுவும்போது வெறும் 'பிப்' என்று தட்டாமல் 'பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்' என்று தட்டுங்கள். எந்த பைத்தான் ஓடுகிறதோ அதற்கே நிறுவும், குழப்பமே வராது.

இங்கே சில பொறிகள் இருக்கின்றன.

மேற்கோள் குறி. பாண்டாஸ் 2.0-க்கு மேல் வேண்டும் என்று 'பாண்டாஸ்>=2.0' என்று மேற்கோள் இல்லாமல் தட்டினால் ஷெல் (நீங்கள் தட்டுவதை வாங்கி ஓட்டும் நிரல்) அந்த '>' குறியைப் 'பதிலைக் கோப்பில் எழுது' என்று எடுத்துக்கொள்ளும். பேக்கேஜ் ஏதோ ஒரு பதிப்பில் நிறுவப்படும், உங்கள் ஃபோல்டரில் '=2.0' என்ற பெயரில் விசித்திரமான கோப்பு ஒன்று கிடக்கும். எரரே வராது என்பதுதான் ஆபத்து. 'நம்பை<2' என்று தட்டினால் '2' என்ற கோப்பு இல்லை என்று சொல்லும். பதிப்பு நிபந்தனை போடும்போதெல்லாம் பேக்கேஜ் பெயரையும் எண்ணையும் சேர்த்து மேற்கோளுக்குள் வையுங்கள்.

நம்பை 2. இது 2024 ஜூனில் வந்தது. அதற்கு முன் கம்பைல் செய்த பேக்கேஜ்கள் அதோடு ஓடாது, 'நம்பை 1.எக்ஸ்-இல் கம்பைல் செய்தது' என்று நீளமாக எரர் வரும். சீனியர் விட்டுப்போன பழைய கோடை ஓட்டுகிறீர்கள் என்றால் முதலிலேயே நம்பையை 2-க்குக் கீழே நிறுத்திவிடுங்கள். அதேபோல 'டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை' என்று வந்தால் பைத்தான் 3.12-லிருந்து அதை எடுத்துவிட்டார்கள், பழைய கோடுக்கு 3.10 அல்லது 3.11-இல் என்விரான்மென்ட் உருவாக்குங்கள்.

ஜிபியு. 'என்விடியா-எஸ்எம்ஐ' தட்டினால் மேலே வலப்பக்கம் கூடா பதிப்பு என்று ஒரு எண் வரும். அந்த எண் சர்வரில் நிறுவியிருக்கும் கூடாவைக் குறிக்கவில்லை, அந்த டிரைவர் அதிகபட்சம் தாங்கும் பதிப்பைக் குறிக்கிறது. பைடார்ச் தனக்கு வேண்டிய கூடா லைப்ரரிகளைத் தானே கொண்டுவரும், ஆகவே அந்த எண்ணைத் தாண்டாத பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும், கூடாவைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. ஜிபியு இல்லாத சர்வர் என்றால் சிபியு பதிப்புக்கான தனி முகவரி பைடார்ச் தளத்தில் இருக்கிறது, அதைக் கொடுத்து நிறுவுங்கள், பல ஜிபி மிச்சம்.

கான்டாவையும் பிப்பையும் கலக்கும்போது கான்டாவில் கிடைப்பதை எல்லாம் முதலில் போட்டு முடித்துவிட்டு, கிடைக்காதவற்றை மட்டும் கடைசியில் பிப்பில் போடுங்கள். பிப் போட்ட பிறகு மறுபடி 'கான்டா இன்ஸ்டால்' போகாதீர்கள். பிப் என்ன செய்தது என்று கான்டாவுக்கு முழுதாகத் தெரியாது, மேலேயே எழுதிவிடும்.

பேக்கேஜ் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். பிரபலமான பெயர்களில் ஓர் எழுத்து மாற்றி வேண்டுமென்றே கெட்ட பேக்கேஜ்களை ஏற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள், பொது சர்வரில் அது உங்களோடு நிற்காது.

என்விரான்மென்ட் ஃபோல்டரை உருவாக்கிய பிறகு நகர்த்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம். அதற்குள் இருக்கும் பல கோப்புகளில் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும், நகர்த்தினால் செத்துவிடும்.

7. நெட், நேரம், டேட்டா

வீட்டில் மொபைல் ஹாட்ஸ்பாட் வைத்து சர்வருக்குள் போகிறவர்கள் பலர், தினமும் 1.5 ஜிபிதானே, டவுன்லோடு செய்தால் தீர்ந்துவிடுமே என்று பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம். எஸ்எஸ்எச் வழியாக சர்வரில் ஓட்டும் டவுன்லோடு கல்லூரியின் நெட்டில் நடக்கிறது, உங்கள் போனில் திரையில் தெரியும் எழுத்துகள் மட்டும்தான் வந்துபோகும். லேப்டாப்பில் இறக்கி சர்வருக்கு ஏற்றினால்தான் உங்கள் டேட்டா இரண்டு மடங்கு போகும்.

ஆனால் நடுவில் நெட் அறுந்தால் நிறுவுதலும் அறுந்துவிடும். 'டிமக்ஸ்' என்று தட்டி அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். இணைப்பு போனாலும் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், திரும்ப வந்து 'டிமக்ஸ் அட்டாச்' தட்டினால் விட்ட இடத்தில் இருக்கும். பகலில் கல்லூரி நெட் எல்லோருக்கும் பங்கு. பெரிய நிறுவுதல்களை இரவு 10 மணிக்கு மேல் டிமக்ஸில் போட்டுவிட்டுத் தூங்கப் போவது உங்களுக்கும் நல்லது, மற்றவர்களுக்கும் நல்லது. ஹோம் நெட்வொர்க் டிஸ்க்கில் இருக்கும் சர்வர்களில் கான்டா சின்னக் கோப்புகளை எழுதி முடிக்கவே நேரமாகும், நின்றுவிட்டது என்று நினைத்து நடுவில் நிறுத்தாதீர்கள்.

8. ஸ்லர்ம் இருக்கும் சர்வரில்

ஸ்லர்ம் என்பது பலர் கொடுக்கும் வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் மென்பொருள். அது இருக்கும் இடத்தில் நீங்கள் லாகின் செய்து நிற்பது வாசல் கம்ப்யூட்டர், கணக்கு ஓடுவது உள்ளே வேறு கம்ப்யூட்டர்களில். வாசலில் மாடல் டிரெயினிங் ஓட்டக் கூடாது. எல்லோருக்கும் வாசல் அடைபடும், அட்மின் உங்கள் வேலையை நிறுத்திவிடுவார், அது சரியும்தான்.

உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் பெரும்பாலும் இணையம் இருக்காது. அதனால் நிறுவுதல், மாடல் டவுன்லோடு இரண்டையும் வாசலில் முடித்துவிட்டு ஜாப் (ஸ்லர்ம் வரிசையில் கொடுக்கும் வேலை) போடுங்கள். வாசலிலும் இணையம் கிடையாது என்றால் இணையம் உள்ள லினக்ஸ் கம்ப்யூட்டரில், அதே பைத்தான் பதிப்பில், 'பிப் டவுன்லோடு -டி' கொடுத்து ஒரு ஃபோல்டரில் எல்லாவற்றையும் சேகரித்து, சர்வருக்கு நகலெடுத்து, அங்கே 'பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்' என்று அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் சேகரித்தால் விண்டோஸுக்கானவை வரும், உதவாது.

ஜாப் ஸ்கிரிப்ட்டில் 'கான்டா ஆக்டிவேட்' வரியை மட்டும் எழுதினால் 'முதலில் கான்டா இனிட் ஓட்டு' என்று எரர் வரும். அதற்கு முந்தின வரியில் மினிஃபோர்ஜ் ஃபோல்டருக்குள் 'ஈடிசி/புரொஃபைல்.டி' என்ற இடத்தில் இருக்கும் 'கான்டா.எஸ்எச்' கோப்பை 'சோர்ஸ்' செய்யுங்கள், தீர்ந்தது. ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்தில் 'மாட்யூல் பர்ஜ்' போட்டுவிட்டு வேண்டியதை மட்டும் லோட் செய்வதும், 'விச் பைத்தான்' வரியைச் சேர்ப்பதும் நல்ல பழக்கம். ஜாப் தோற்றால் அவுட்புட் கோப்பின் முதல் வரியே காரணத்தைச் சொல்லிவிடும். ஆறு மணி நேரம் வரிசையில் காத்திருந்த ஜாப் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்' என்று இரண்டு வினாடியில் முடிவதைத் தவிர்க்க, முதலில் ஐந்து நிமிட ஜாப் ஒன்றில் இம்போர்ட் வரிகளை மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

9. ஜூபிட்டர்

பிரவுசரில் நோட்புக்காகப் பைத்தான் ஓட்ட உதவும் ஜூபிட்டரை ஒவ்வொரு என்விரான்மென்ட்டிலும் முழுதாக நிறுவ வேண்டாம். ஜூபிட்டரோடு இணைக்கும் ஐபைகெர்னல் மட்டும் போட்டு 'பைத்தான் -எம் ஐபைகெர்னல் இன்ஸ்டால் --யூசர் --நேம்' என்று பெயர் கொடுத்தால், ஒரே ஜூபிட்டரில் எல்லாம் பட்டியலாக வரும். (இந்த '--யூசர்' வேறு, இது ஒரு சின்ன அமைப்புக் கோப்பை மட்டும்தான் எழுதும்.)

போர்ட் 8888 எல்லோரும் எடுப்பது, வேறு எண் கொடுங்கள். டோக்கனை (உள்ளே நுழையக் கேட்கும் ரகசியக் குறி) நீக்காதீர்கள், நீக்கினால் சர்வரில் இருக்கும் யாரும் உங்கள் நோட்புக்கைத் திறந்து உங்கள் பெயரில் எதையும் ஓட்டலாம். வேலை முடிந்ததும் டேப்பை மூடினால் போதாது, கெர்னலை (பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானை) நிறுத்துங்கள். ஜிபியு மெமரியைப் பிடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை ஊருக்குப் போய்விட்டால் திங்கள் வரை யாருக்கும் ஜிபியு இல்லை.

10. என்விரான்மென்ட்டை அல்ல, அதன் குறிப்பைப் பாதுகாத்து வையுங்கள்

என்விரான்மென்ட் எப்போது வேண்டுமானாலும் அழியலாம் என்ற நினைப்போடு வேலை செய்யுங்கள். ஸ்கிராட்ச் விதியில் அழியலாம், டிஸ்க் கெடலாம், அட்மின் இயங்குதளத்தை மாற்றலாம். நம் ஊரில் இன்னொன்று உண்டு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையும் மின்வெட்டும் இங்கே இருக்கும் யாருக்கும் மறந்திருக்காது. இப்படிப்பட்ட நாட்களில் முன்னெச்சரிக்கையாக சர்வரை அணைப்பார்கள், திரும்ப வரும்போது எல்லாம் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தீபாவளிக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

வென்வ் என்றால் 'பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்' கொடுத்து அதன் பதிலை 'ரெக்வயர்மென்ட்ஸ்' கோப்பில் சேமியுங்கள். கான்டா என்றால் 'கான்டா என்வ் எக்ஸ்போர்ட்' இரண்டு விதமாக எடுங்கள். சும்மா ஒன்று, '--ஃப்ரம்-ஹிஸ்டரி' சேர்த்து ஒன்று. முதலாவதில் எல்லாப் பதிப்பும் அச்சாக இருக்கும், அதே வகை சர்வரில் அப்படியே மீட்கலாம். இரண்டாவதில் நீங்கள் வாயால் கேட்டவை மட்டும் இருக்கும், வேறு இயங்குதளத்துக்குப் போனால் இதுதான் கைகொடுக்கும். ஆனால் பிப்பில் போட்டவை இரண்டாவதில் வராது, அவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கோப்புகளோடு எந்த மாட்யூல்களை லோட் செய்தீர்கள் என்று நான்கு வரி ரீட்மீ. எல்லாம் சேர்த்து சில கேபிதான், கோடு இருக்கும் கிட் ரெப்போவிலேயே போட்டு சர்வருக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள்.

எழுதி வைத்தது வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதியுங்கள். அந்தக் கோப்பிலிருந்து புதிய பெயரில் ஒரு என்விரான்மென்ட் உருவாக்கி உங்கள் கோடை ஓட்டுங்கள். ஓடினால் பழையதை அழித்துவிடலாம். தீசிஸ் கொடுத்த பிறகு தேர்வாளர் ஒரு படத்தை மறுபடி வரைந்து காட்டச் சொல்வது சாதாரணமாக நடக்கிற விஷயம், அப்போது இந்தக் கோப்பு இல்லாதவர்கள் படும் பாட்டைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

11. அட்மினிடம் உதவி கேட்பது, அக்கவுன்ட்டை முடிப்பது

'சார், பைத்தான் வேலை செய்யவில்லை' என்று மெயில் போட்டால் பதில் வரத் தாமதமாகும், ஏனென்றால் அவரால் அதை வைத்து எதையும் செய்ய முடியாது. தட்டிய கட்டளை, எரரின் கடைசி இருபது வரி (போட்டோவாக இல்லாமல் எழுத்தாக), 'விச் பைத்தான்' பதில், என்விரான்மென்ட்டின் முழுப் பாதை, எந்தக் கம்ப்யூட்டரில், எத்தனை மணிக்கு. இவ்வளவும் ஒரே மெயிலில் இருக்கட்டும். சிஸ்டம் பேக்கேஜ் வேண்டும் என்றால் அதன் சரியான பெயரையும், உங்கள் லேபில் வேறு யாருக்கெல்லாம் பயன்படும் என்பதையும் எழுதுங்கள்.

லேபில் நான்கைந்து பேருக்கு ஒரே என்விரான்மென்ட் வேண்டும் என்றால் ஆளுக்கொன்று உருவாக்க வேண்டாம். ஒருவர் பொது ஃபோல்டரில் உருவாக்கி, மற்றவர்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுக்கலாம். எழுதும் அனுமதியை எல்லோருக்கும் கொடுத்தால் ஒருவர் அவசரத்தில் புதுப்பிப்பார், மற்ற நால்வருக்கும் அன்றைய வேலை கெடும். உங்கள் ஹோமுக்கு 'சிஎச்மோட் 700' போட்டு வையுங்கள், எந்தக் காரணத்துக்கும் 777 வேண்டாம்.

படிப்பு முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே டேட்டாவை நகலெடுக்கத் தொடங்குங்கள். பெரிய கோப்புகளை வீட்டு நெட்டில் இறக்கினால் நாள் கணக்காகும், கேம்பஸுக்கு ஒரு ஹார்டு டிஸ்க்கோடு வந்து 'ஆர்சிங்க்' கொடுத்து எடுத்துப்போவது மலிவு. என்விரான்மென்ட் ஃபோல்டர்களை நகலெடுக்க வேண்டாம், குறிப்புக் கோப்புகள் போதும். பிறகு 'கான்டா என்வ் ரிமூவ்' போட்டு உங்களுடையவற்றை அழித்து, ஜூனியருக்குத் தேவையான ஒன்றை மட்டும் பொது ஃபோல்டரில் விட்டு, அதன் பாதையையும் ரீட்மீயையும் கைடுக்கு மெயிலில் அனுப்புங்கள். சில இடங்களில் நோ டியூஸ் படிவத்தில் கம்ப்யூட்டர் சென்டரின் கையெழுத்தும் கேட்பார்கள், அக்கவுன்ட்டைக் காலி செய்த பிறகுதான் அது கிடைக்கும், அதற்கும் இரண்டு மூன்று வேலை நாட்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.